மிளகுப் பேரம்

'சிவிலைசேஷன் 6' கணினி ஆட்டத்தில் எனக்குப் பிடித்தது போர் அல்ல, பேரத் திரை. ஒரே ஆடம்பரப் பொருள் இரண்டு இருந்தால் இரண்டாவதால் நம் குடிமக்களுக்குக் கூடுதல் மகிழ்ச்சி கிடையாது. அது இல்லாதவனுக்கோ பொன் கொடுத்தாவது வேண்டும். நண்பர்கள் முறைவைத்து ஆடும்போது, நேற்றுப் படையெடுத்தவனிடமே இன்று மசாலா விற்போம். இதில் வெட்கம் பார்த்தால் நாடு உருப்படாது.

குளச்சல்காரர்களுக்கு இது புதிதா என்ன? 1741இல் அங்கே டச்சுக்காரர்களைத் தோற்கடித்த திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா, 1753இல் மாவேலிக்கரையில் அவர்களோடே ஒப்பந்தம் போட்டார். மிளகு இவர் தருவார். ஆயுதம் அவர்கள் விற்பார்கள், உள்விவகாரத்தில் தலையிட மாட்டார்கள். குளச்சலில் பிடிபட்ட டச்சு அதிகாரி டிலனாயோ திருவிதாங்கூருக்கே தளபதியானார். அவர் கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. இவ்வளவு நல்ல நகர்த்தலை எந்தத் திரையிலும் நான் பார்த்ததில்லை.