மயில்கழுத்து நிறமும் விடுபட்ட மூன்று ஆண்டுகளும்

வறிய குடும்பத்து மாணவர் அறிவியல் பயில உதவ வேண்டும் என்றதும் கல்லூரிக் கட்டணமும் உதவித்தொகையுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவை இன்றியமையாதவை, ஐயமில்லை. ஆனால் கற்றதைப் பிறருக்கு விளங்கச் சொல்லும் பயிற்சியும் அத்தகைய உதவியே என்பதை நம் திட்டங்கள் உணர்ந்துள்ளனவா? வாசகர்களே, இக்கேள்வியோடு அவற்றைச் சற்று ஆராய்வோம்.

பள்ளிப் பருவத்தில் வாய்ப்பு உண்டு. 1993இல் தொடங்கிய தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் 10 முதல் 17 வயது வரையுள்ளோர் தம் ஊர்ச் சிக்கல் ஒன்றை ஆராய்ந்து, மேடையேறி விளக்கும் பயிற்சி பெற்றனர். மறுமுனையில், மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2018இல் ‘அவ்சர்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. தம் ஆய்வைப் பொதுமக்களுக்குப் புரியும்படி எழுதுவோருக்குப் பரிசு, முதற்பரிசு ரூ. 1,00,000. பாராட்டத்தக்க முயற்சிதான். எனினும் அது முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கும் அப்பட்டம் பெற்று ஆய்வைத் தொடர்வோருக்கும் வகுக்கப்பட்டது.

இடையிலுள்ள இளங்கலையின் மூன்று ஆண்டுகள் என்னவாயின? 2008இல் அறிமுகமான ‘இன்ஸ்பயர்’ உதவித்தொகை ஆண்டுக்கு ரூ. 80,000, அதில் ரூ. 20,000 கோடைக்கால ஆய்வுப் பணிக்கு. தமிழக அரசின் ‘புதுமைப் பெண்’ (2022), ‘தமிழ்ப் புதல்வன்’ (2024) திட்டங்கள் மாதம் ரூ. 1,000 அளிக்க ஏற்பட்டவை. ‘நான் முதல்வன்’ (2022) வேலைக்கான திறன்களை வளர்க்க வந்தது. ஒவ்வொன்றும் பயனுள்ளதே. ஆயினும், “நீ படித்த இயற்பியலை உன் தெருவுக்கு விளக்கு” என்று கேட்பதை இவற்றுள் எதுவும் தன் நோக்கமாகக் கொள்ளவில்லை.

“முதலில் பாடத்தை ஒழுங்காகக் கற்கட்டும், பேச்சும் எழுத்தும் பிறகு வரட்டும்” என்பார் சிலர். இவ்வாதம் சரியா? காஞ்சிபுரத்தை அடுத்த ஓரிக்கையின் தறி ஒன்றையே சான்றாகக் கொள்வோம். மயிலின் கழுத்து ஏன் நிறம் மாறித் தோன்றுகிறது? “ஒளியின் குறுக்கீட்டு விளைவு” என்று எழுதி நம் மாணவி முழு மதிப்பெண் பெறுவாள். வீட்டில் பாட்டி, “தறியில் இருக்கும் மயில்கழுத்துச் சேலையும் அப்படித்தானா?” என்று கேட்கட்டும். மனப்பாடம் செய்த விடை அங்கே நின்றுவிடும்!

சேலையில் பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். பட்டு நூலின் பளபளப்பு எத்திசையில் வலுவாகத் திரும்பும் என்பது நூல் கிடக்கும் திசையைப் பொறுத்தது. ஆகவே துணியைத் திருப்பத் திருப்ப, ஒருமுறை பாவின் நிறமும் மறுமுறை ஊடையின் நிறமும் மேலோங்குகின்றன. ஒரே ஓர் இழையை உருவிப் பாருங்கள். அது எப்பக்கம் திருப்பினாலும் ஒரே நிறம். மயிலிறகின் நீலமோ, அதன் நுண்ணிழைகளில் மெலனின் என்னும் நிறமியாலான நுண்தண்டுகள் சீராக அடுக்கப்பட்டிருப்பதால் விளைவது. இறகை நன்றாக அரைத்தால் அடுக்கு குலைந்து நீலம் மறையும். கருமை கலந்த பழுப்புத் தூளே எஞ்சும். இவ்வேறுபாட்டைப் பாட்டிக்கு விளக்க முயலும் மாணவியே குறுக்கீட்டு விளைவை உண்மையில் கற்றவள். விளக்குதல் கற்றலுக்குப் பின் வருவதன்று; கற்றலின் ஒரு பகுதியே அது.

ஏழை மாணவருக்கு இது வாழ்க்கைக்கான வழியும் ஆகும். மைக்கேல் ஃபாரடே கொல்லரின் மகன். புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகியவர். 1812இல் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்தார்; அவற்றை விரிவாக எழுதி, தாமே நூலாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். 1813இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் பணி கிட்டியது. பின்னர் நாவன்மைப் பயிற்சியும் பெற்றார். 1825இல் அங்கு தொடங்கிய கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளுள் 19 தொடர்களை நிகழ்த்தியவர் அவரே. மெழுகுவர்த்தி ஒன்றைக் கொண்டே வேதியியலை விளக்கிய அவரது நாவும், பழகிப் பெற்றதே அன்றோ?

இனிச் செய்ய வேண்டியவை யாவை? மூன்றாம் ஆண்டு மாணவர் ஒவ்வொருவரும் தம் செயல்திட்டத்தைப் பற்றி நான்கு பக்கத் தமிழ்க் கட்டுரை எழுதட்டும். ஊர் நூலகத்திலோ பள்ளியிலோ அரைமணி நேரம் பேசட்டும். இரண்டுக்கும் மதிப்பெண் வேண்டும். சொந்த மொழியில் தெளிந்த கருத்தை ஆங்கிலத்தில் சொல்வது பிறகு எளிதாகும்.

மற்றொன்று மிக முக்கியம். சனி, ஞாயிறுகளில் இலவசப் பயிற்சி என்று அறிவித்துவிட்டு, “மாணவர் வரவில்லை” என்று குறைகூறுவது முறையாகாது. அந்நாட்களில் தறிக்கோ கடைக்கோ செல்லும் மாணவருக்கு ஒருநாள் பயிற்சி என்பது ஒருநாள் கூலி இழப்பு. அக்கூலியை ஈடுசெய்யாத பயிற்சி, வசதி படைத்தோரையே மீண்டும் தேர்ந்தெடுக்கும். ஆய்வாளரின் கட்டுரைக்கு லட்ச ரூபாய் பரிசளிக்க முடிந்த நாட்டில், இளங்கலை மாணவரின் சில நாள் கூலி பெரும் சுமையாகாது.

மாணவ நண்பர்களே, திட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த வாரம் படித்த பாடம் ஒன்றை, கலைச்சொல் எதுவும் இன்றி வீட்டிலுள்ள ஒருவருக்குச் சொல்லிப் பாருங்கள். எங்கே தடுமாறுகிறீர்களோ, அந்தப் பக்கத்தை மீண்டும் படியுங்கள்.