பின்னால் என்ன இருந்தது?

மாடி வீட்டுப் பையன் முதல் மாசச் சம்பளத்தில் லென்ஸ் வாங்கியிருக்கிறான். 85 எம்.எம்., எஃப் 1.8. பால்கனியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என்னை எடுத்துக் காட்டினான். "பாருங்க அங்கிள், பின்னாடி எல்லாம் அப்படியே வெண்ணெய் மாதிரி கரையுது!"

கரைந்துதான் போயிருந்தது. கொடியில் காயும் துணி, எதிர்வீட்டுத் தண்ணீர் டாங்க், கேபிள் ஒயர் எதுவும் இல்லை. நான் மட்டும் கர்ப்பக்கிரக மூர்த்தி மாதிரி பளிச்சென்று. எனக்கே என்னைப் பிடித்திருந்தது. அதனால்தான் சந்தேகம் வந்தது.

கொஞ்சம் கணக்கு. பயப்படாதீர்கள், வகுத்தல் மட்டும்தான். 85-ஐ 1.8-ஆல் வகுத்தால் 47. அதாவது வெளிச்சம் நுழையும் வாசலின் விட்டம் 47 மில்லிமீட்டர். அதே லென்ஸை எஃப் 8-க்குத் திருகினால் வாசல் பத்தரை மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். வாசல் பெரிதாக ஆக, தெளிவாகத் தெரியும் ஆழம் குறையும். கண் தெளிவு, காது சுமார், சுவர் காணோம். இந்த மங்கலுக்கு ஜப்பானியர்கள் வைத்த பெயர் பொக்கே. இப்போது செல்போன்கள் இதைக் கணக்குப் போட்டே செய்துவிடுகின்றன. சில சமயம் காதையும் சேர்த்து அழித்துவிடுகின்றன.

இந்த வித்தையின் உச்சம் எது என்று கேட்டால், நீங்களும் பார்த்திருக்கக்கூடிய ஒரு படத்தைச் சொல்வேன். பச்சைக் கண்கள், கிழிந்த செங்கல் நிற முக்காடு. பெஷாவர் அருகே அகதிகள் முகாமில் 1984-ல் ஸ்டீவ் மக்கரி எடுத்த ஆப்கன் சிறுமி. நிக்கான் 105 எம்.எம். லென்ஸ், கோடக்ரோம் ஃபிலிம். அந்த லென்ஸில் நாலைந்து அடி தள்ளி நின்றாலே முகமும் தோளும் சட்டத்தை நிறைத்துவிடும். 28 எம்.எம். போட்டு அதே அளவுக்கு எடுக்க ஒன்றேகால் அடிக்கு வரவேண்டும். மூக்கு புடைத்துக்கொண்டு தெரியும். (பழி லென்ஸ் மேல் விழும். குற்றவாளி தூரம்.)

அற்புதமான படம். எத்தனை தடவை பார்த்தாலும் அந்தக் கண்கள் நம்மை விடாது. ஆனால் ஒரு தடவை கண்ணை விட்டுவிட்டுப் பின்னால் பாருங்கள். வெறும் பச்சை மங்கல். அது முகாமில் நடந்த பள்ளிக்கூடம். அதன் தடயமே இல்லை. 1985 ஜூனில் நேஷனல் ஜியாகிரஃபிக் அட்டையில் வந்தபோது, கண்கள் ஓர் அகதியின் அச்சத்தைச் சொல்வதாக அச்சிட்டார்கள். பெயர் கிடையாது. 2002-ல் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் உலகத்துக்கு ஷர்பத் குலா என்று தெரிந்தது. அவர் நினைவில் இருந்தது கோபம். அந்நியர் ஒருவர் தன்னைப் படமெடுத்ததில் வந்த கோபம். பதினேழு வருஷம் நாம் அதை அச்சம் என்று படித்திருக்கிறோம்! சுற்றியிருந்ததைத் துடைத்துவிட்டால், காலி இடத்தில் யார் வேண்டுமானாலும் தலைப்பு எழுதலாம்.

நேர் எதிரான ஒன்று, என் செல்லப் படம். பாரிஸில் ஸான் லஸார் ரயில் நிலையத்துக்குப் பின்புறம், 1932-ல் கார்த்தியே ப்ரெஸ்ஸான் எடுத்தது. வேலிப் பலகை இடுக்கில் லைக்காவை நுழைத்து எடுத்தார். பலகை கொஞ்சம் மறைத்ததால், படத்தை வெட்டுவதே பிடிக்காத அவர் இதை வெட்டவேண்டியிருந்தது. தேங்கிய தண்ணீரைத் தாண்டுகிற ஆசாமி கலங்கலாக இருக்கிறார். பின்னால் சுவரில் ஒரு போஸ்டர். அதிலும் ஒரு நடனக்காரி அப்படியே தாவுகிறாள். தண்ணீரில் கிடக்கும் ஏணி, இரும்பு வேலி எல்லாம் இருக்கின்றன. போஸ்டரை வெண்ணெயாகக் கரைத்திருந்தால் யாரோ ஒருவர் சகதியில் குதிக்கிறார், அவ்வளவுதான். மக்கரி படத்தைப் பார்த்து முடித்துவிடலாம். இதில் இன்னும் பாக்கி இருக்கிறது.

இவ்வளவும் பேச எனக்கு யோக்கியதை உண்டா என்றால், ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளவேண்டும். ஊர் வீட்டை விற்பதற்கு முன் அப்பாவைத் திண்ணையில் உட்காரவைத்து 50 எம்.எம். லென்ஸில் எடுத்தேன். துவாரத்தை முழுசாகத் திறந்து, பெருமையாக. நரைத்த புருவத்தில் முடி எண்ணலாம். வீடு? காபியில் பால் ஊற்றின மாதிரி ஒரு நிறம்.

அக்காவிடம் ஒரு படம் இருக்கிறது. பழைய பெட்டி காமிராவில் எடுத்தது. திருக ஒன்றுமே கிடையாது, சின்னத் துவாரம், பத்தடிக்கு அப்பால் எல்லாம் ஒரே மாதிரி சுமாராகத் தெரியும். அப்பாவின் தலை பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. ஆனால் தூணில் எண்ணெய்க் கறை, மாடத்தில் விளக்கு, ஆணியில் அவருடைய குடை, கதவுக்குப் பக்கத்தில் தினசரி காலண்டர். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்ததில் தேதி 17. மாசம் தெரியவில்லை. ஆடி என்கிறாள் அக்கா. குடை ஈரமாக இருக்கிறதே, ஐப்பசியாக்கும் என்கிறேன் நான்.