பெரட்டில் ஒரு பெயர், வானொலியில் ஒரு பெயர்

ஜொகூர் பக்கம் எந்தத் தாமான் மண்டபத்தில் 'பழைய பாடல் இரவு' நடந்தாலும் வரிசை ஏறக்குறைய ஒன்றுதான். டி.எம். சௌந்தரராஜன் குரலில் எம்.ஜி.ஆருக்கு நாலு, சிவாஜிக்கு நாலு, நடுவில் பி. சுசீலா இரண்டு. இடைவேளைக்கு முன்னால் மைக்கைப் பிடிக்கிற ஒருவர் கட்டாயம் சொல்வார்: "அப்பல்லாம் பாட்டுனா பாட்டு. அர்த்தம் இருந்துச்சு. இப்ப என்ன இருக்கு? வெறும் சத்தம்." கைதட்டல் எழும். பின்வரிசையில் கைப்பேசியை நோண்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். அவர்களுக்கு அது மனப்பாடமான வசனம்.

செனாய்க்காரனான எனக்கும் அப்படித்தான். 1970க்கும் 1974க்கும் இடையில் வந்த பாட்டுகள் எனக்கும் உயிர். ஆனால் அந்தக் கைதட்டலில் என்னால் சேர முடிவதில்லை. நாம் அந்தப் பாட்டுகளைத் தப்பான காரணங்களுக்காகப் புகழ்ந்துகொண்டிருக்கிறோம். தப்பான காரணத்துக்காகப் புகழப்படும் பாட்டு மெல்ல மெல்லக் காதில் விழாமலே போய்விடும். பெரியவர்கள் சொல்லும் காரணங்கள் மூன்று: அர்த்தம் இருந்தது, இசை சுத்தமாக இருந்தது, எல்லாரும் சேர்ந்து கேட்டோம். மூன்றையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கலாம்.

முதலில் அர்த்தம். 1972இல் வந்த 'வசந்த மாளிகை' இல்லாமல் எந்தப் பழைய பாடல் இரவும் முடிவதில்லை. 1971இல் தெலுங்கில் வந்த 'பிரேம நகர்' படத்தின் தமிழ் வடிவம் அது. கே.வி. மகாதேவன் இசை, கண்ணதாசன் பாட்டு, சிவாஜிக்காக டி.எம்.எஸ். குரல். நாயகன் ஜமீன் வீட்டுப் பிள்ளை. குடிக்கிறான், காதலிக்கிறான், மறுபடியும் குடிக்கிறான். அவன் புலம்பல்கள் அழகானவை, அதில் சந்தேகமே இல்லை. டி.எம்.எஸ். ஒரு சொல்லைக் கடித்து விடும்போது கோப்பை உடைகிற மாதிரி இருக்கும். ஆனால் இந்தப் பாட்டு எங்கே ஒலித்தது என்று யோசித்துப் பாருங்கள். பல தோட்டங்களில் நிர்வாகத்தின் சம்மதத்தோடே கள்ளுக்கடை நடந்த நாடு இது. 1947இல் கெடாவில் தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியலில் இறங்கியது சும்மா இல்லை. கால் நூற்றாண்டு கழித்து அதே மக்களின் லயத்து வானொலியில் குடி ஒரு காவிய சோகமாக வந்து நின்றது. ஜமீன்தார் மகனுக்குக் குடி காதலின் அடையாளம். பால்மரம் வெட்டுகிறவன் வீட்டில் அது மாதச் சம்பளம். அந்தப் பாட்டை ஆண்கள் கண்மூடி ரசித்தபோது அடுப்படியில் நின்ற பெண்கள் என்ன நினைத்தார்கள் என்று எந்தப் பழைய பாடல் இரவிலும் யாரும் கேட்டதில்லை.

யாழ்ப்பாணத்து நித்தி கனகரத்தினத்தின் நினைவு எனக்கு இங்கே வராமல் இருப்பதில்லை. அதே காலத்தில் இலங்கையில் தமிழ்ப் பொப் இசை துள்ளிக்கொண்டிருந்தது. கள்ளுக்கடைப் பக்கம் எட்டிப் பார்க்காதே என்று கிண்டலும் ஆட்டமுமாகப் புத்தி சொல்லும் ஒரு பாட்டை அவர் பாடினார். கனமான தத்துவம் எதுவும் அதில் கிடையாது. ஆனால் எது அர்த்தமுள்ள பாட்டு என்று தோட்டத்துப் பெண்கள் கூடித் தீர்ப்பு எழுதியிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கலாம்.

'தத்துவப் பாடல்' என்ற பெட்டியையும் திறந்து பார்க்க வேண்டும். 1974இல் வந்த கே. பாலசந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை'யில் யேசுதாஸ் பாடும் பாட்டு இன்றைக்கும் மேடைகளில் பற்றற்ற நிலையின் உச்சமாகப் பாடப்படுகிறது. படத்தில் அதைப் பாடுவது யார்? வீட்டுப் பொறுப்பை உதறிவிட்ட அண்ணன். அவன் ஞானம் பாடிக்கொண்டிருக்கும்போது வேலைக்குப் போய்ச் சம்பாதித்துக் குடும்பத்தைச் சுமக்கிறவள் தங்கை. அந்தத் தத்துவத்தின் விலையை யார் கட்டுகிறார்கள் என்பதுதான் படத்தின் கேள்வியே. பாட்டை மட்டும் கத்தரித்து மேடையேற்றும்போது கேள்வி காணாமல் போய், ஞானம் மட்டும் மிஞ்சுகிறது. ஆக, அர்த்தம் இருந்தது உண்மை. அதை வெட்டி எறிந்துவிட்டுத்தான் அர்த்தத்தைக் கொண்டாடிக்கொண்டிருக்கிறோம்.

இரண்டாவது, சுத்தம். எழுபதுகளின் தொடக்கம் அமைதியான பொற்காலம் என்று நினைக்கிறவர்கள் அந்தப் படங்களின் குரல்களை எண்ணிப் பார்க்கட்டும். 1969இல் 'சாந்தி நிலைய'மும் 'அடிமைப்பெண்'ணும் வந்தபோது எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு வயது 22. டி.எம்.எஸ். சொல்லை நிறுத்தி வைப்பார். இவர் சொல்லின் மேல் வழுக்கிக்கொண்டு போனார். ஐம்பதைத் தாண்டிய எம்.ஜி.ஆருக்கு இன்னும் மீசை முளைக்காத மாதிரியான குரல். 1973 மே மாதம் 'உலகம் சுற்றும் வாலிபன்' வருகிறது. எம்.எஸ். விஸ்வநாதன் இசை. ஒரே படத்தில் எம்.ஜி.ஆர். டி.எம்.எஸ். குரலில் பாடுகிறார், எஸ்.பி.பி. குரலில் பாடுகிறார், யேசுதாஸ் குரலிலும் பாடுகிறார். முகப்புப் பாட்டுக்கு சீர்காழி கோவிந்தராஜன். நாயகனின் குரல் எது என்பதே முடிவாகாத காலம் அது. கட்சியும் அப்படித்தான். 1972 அக்டோபரில் தி.மு.க.விலிருந்து வெளியேற்றப்பட்டு எம்.ஜி.ஆர். தனிக்கட்சி கண்ட சூட்டில் வந்த படம். அந்த முகப்புப் பாட்டைத் தமிழ்நாட்டு ரசிகன் ஓட்டுச் சீட்டோடு கேட்டான். நம்மாட்கள் ஓட்டில்லாமல், அதே ஆவேசத்தோடு கேட்டார்கள்.

இந்தப் படத்தில் நமக்கென்று தனியாக ஒரு கணக்கு இருக்கிறது. ஒசாகாவில் நடந்த எக்ஸ்போ 70 கண்காட்சி, தாய்லாந்து, ஹாங்காங் என்று சுற்றிய அந்தக் குழு சிங்கப்பூரிலும் மலேசியாவிலும்கூடப் படம் எடுத்தது. செனாயிலிருந்து சிங்கப்பூர்ப் பாலம் ஒரு மணி நேரம்கூட இல்லை. நம் வாசலில் இருந்த ஊர், சென்னையைச் சுற்றிக்கொண்டு வந்து, திரையில் கனவுலகமாகத் திரும்பியது. படம் வந்த மறுவருஷம், 1974இல், செனாயிலேயே விமான நிலையம் திறந்தார்கள். வாலிபன் சுற்றிய உலகம் நம் தலைக்கு மேலேயே பறக்க ஆரம்பித்தது. ஆனால் பாட்டுகளில் அழகான நிலம் இருந்ததே ஒழிய அந்த நிலத்தில் வேலை செய்த தமிழன் இல்லை. அந்தப் பாட்டுகளை முணுமுணுத்தபடி மரம் வெட்டியவர்கள் தங்கள் மண்ணையே ஓர் உல்லாசப் பயணியின் கண்ணால் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். இதை ஒரு குறையாக மட்டும் நான் சொல்லவில்லை. தினமும் பார்க்கிற மண் அழகானது என்று யாரோ பாடிச் சொல்வதிலும் ஒரு சந்தோஷம் இருக்கத்தான் செய்கிறது.

இசையும் சுத்தம் இல்லை. நல்லவேளையாக. 1972இல் வந்த 'பட்டிக்காடா பட்டணமா' படத்தில் டி.எம்.எஸ்.ஸும் எல்.ஆர். ஈஸ்வரியும் பாடும் பாட்டில் மேற்கத்தியக் கூத்தும் உறுமியும் ஒன்றோடு ஒன்று மோதிக்கொள்கின்றன. உறுமி மேளம் இல்லாமல் தைப்பூசமே கிடையாது என்று வளர்ந்த மலேசியப் பிள்ளைகள் அந்தப் பாட்டை ஒருமுறை காதுக்கருவி மாட்டிக் கேளுங்கள். இதை ஒரு டிஜே செய்தால் 'கெடுத்துட்டான்' என்போம். விஸ்வநாதன் செய்ததால் 'மெல்லிசை' என்கிறோம்.

எல்.ஆர். ஈஸ்வரியைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். பழைய பாடல் இரவுகளில் அவருக்கு ஒரே ஓர் இடம்தான்: கடைசியில், 'குத்து' என்று அறிவித்துவிட்டு, சிரிப்போடு. சுசீலா வீட்டுக்கு, ஈஸ்வரி கிளப்புக்கு என்று யாரோ எப்போதோ பாகம் பிரித்துவிட்டார்கள். ஆனால் 1972இன் 'வெள்ளி விழா'வில் வி. குமார் இசையில் அவர் காதருகே பேசுகிற மாதிரி பாடிய பாட்டைக் கேட்டிருக்கிறீர்களா? குரலைத் தாழ்த்தி, மூச்சு கேட்கும்படி, ஒரு ரகசியத்தைப் போல. அந்தக் காலத்தின் மிக அந்தரங்கமான பாட்டு எது என்று என்னைக் கேட்டால் அதைத்தான் சொல்வேன். அதைப் பாடியது 'வீட்டுக்குரல்' இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. ஆடி மாதத்தில், திருவிழா நாட்களில், தோட்டத்து மாரியம்மன் கோவில் ஒலிபெருக்கியில் விடியுமுன்னே நம்மை எழுப்பியது யார் குரல்? அதே ஈஸ்வரிதான். மேடையில் கிளப்புக்காரி, கோவிலில் அம்மனுக்குக் குரல் கொடுக்கிறவர். நம் ரசனை ஒரு பெண்குரலை எப்படி இரண்டாக வெட்டி வைத்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. வி. குமாரின் பெயரோ அறிவிப்பாளர்களின் வாயில் வருவதே அபூர்வம்.

மூன்றாவது காரணம், எல்லாரும் சேர்ந்து கேட்டோம் என்பது. இதில்தான் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மையும் அவர்கள் சொல்கிற மாதிரி இல்லை.

இந்திக்கு 1952 முதல் இலங்கை வானொலியில் 'பினாக்கா கீத்மாலா' இருந்தது. எந்தப் பாட்டு எத்தனையாவது இடம் என்று அமீன் சயானி வாரவாரம் அறிவித்தார். நம் பக்கம் ஒரு பாட்டு 'ஹிட்' ஆனதா என்பதை நேயர் விருப்பம் சொன்னது. இன்று மின்னல் எஃப்.எம். ஆகியிருக்கும் மலேசிய வானொலியின் தமிழ் ஒலிபரப்பு, தெற்கே இருந்ததால் நம் பக்கம் தெளிவாகவே எட்டிய சிங்கப்பூர்த் தமிழ் வானொலி. அறிவிப்பாளர் அஞ்சலட்டைகளைப் புரட்டிப் பெயர்களை வாசிப்பார். இந்தத் தோட்டத்து இன்னார், அவர் மனைவி, பிள்ளைகள், அத்தை, மாமா, நண்பர்கள். பாட்டு மூன்று நிமிடம். பெயர்ப் பட்டியல் சில நேரம் அதையும் மிஞ்சும்.

அந்தப் பட்டியல் எந்த ஆண்டுகளில் வாசிக்கப்பட்டது என்று பாருங்கள். 1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்றானது. 1969 மே 13 கலவரம். 1971இல் புதிய பொருளாதாரக் கொள்கை. பல்லாயிரக்கணக்கான தோட்டத் தமிழர்கள் ரஜூலா போன்ற கப்பல்களில் ஏறி, பலர் அதுவரை பார்த்தே இராத 'சொந்த ஊருக்கு'ப் போனார்கள். அண்ணன் இங்கே, தங்கை அங்கே. பிறகு ரப்பர் மரங்கள் சாய்ந்து செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின.

விடிகாலையில் தோட்டத்தில் பெரட்டு நடக்கும். கிராணி பெயர்களைக் கூப்பிடுவார். அது வேலைக்கான பெயர், சம்பளப் புத்தகத்தின் பெயர், கூப்பிட்டதும் பதில் சொல்லாவிட்டால் கூலி போய்விடும் பெயர். சாயங்காலம் வானொலியிலும் பெயர்களைக் கூப்பிட்டார்கள். அதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. எந்தத் துரைக்கும் தெரியாத ஒரு பெயர் மரியாதையோடு நாடு முழுக்கக் கேட்டது. இன்னாருக்காக இந்தப் பாட்டு. அடையாள அட்டையின் நிறத்தை அறிவிப்பாளர் கேட்கவில்லை. அந்த ஆண்டுகளில் 'நீ இங்கே இருக்கிறாய்' என்று ஒரு தோட்டத் தமிழனிடம் தினமும் சொன்னவை எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், இந்தப் பெயர்ப் பட்டியலின் எடை புரியும்.

பெரியவர்கள் ஏங்குவது இதற்காகத்தான் என்று நினைக்கிறேன். தன் பெயர் சொல்லப்பட்ட காலத்துக்காக. அந்த ஏக்கம் நியாயமானது, மரியாதைக்குரியது. ஆனால் அதை நேராகச் சொல்ல வாய் வராமல் 'அப்ப அர்த்தம் இருந்துச்சு' என்று சொல்கிறார்கள். சொல்லிவிட்டு, அதே கையோடு இன்றைய பிள்ளைகளின் பாட்டை அடிக்கக் கோல் எடுக்கிறார்கள். அதுதான் எனக்கு உறுத்தல்.

2006இல் யோகி பி - நட்சத்ரா குழு 'வல்லவன்' இசைத்தொகுப்பைக் கொண்டுவந்தபோதும் 'இது பாட்டா' என்று கேட்டவர்கள் உண்டு. அதில் பெரிதாக ஓடிய 'மடை திறந்து' எதன் மேல் கட்டப்பட்டது? 1980இல் வந்த 'நிழல்கள்' படத்தில் இளையராஜா இசையில் எஸ்.பி.பி. பாடிய பாட்டின் மேல். 1969இல் வழுக்குகிற புதுக்குரல், 1980இல் நிலைத்த குரல், 2006இல் மலேசியப் பிள்ளைகள் தோண்டியெடுத்த பழைய புதையல். மூன்று கட்டத்துக்கும் சேர்த்து 37 வருஷம்தான். ராப் பாடுகிறவன் நடுவில் நிறுத்தி என்ன செய்கிறான் என்றும் கவனியுங்கள். தன் ஊர்ப் பெயரைச் சொல்வான், தாமானைச் சொல்வான், கூட்டாளிகளின் பெயர்களை வரிசையாக அடுக்குவான். 'வெறும் சத்தம்' என்று தாத்தா சொல்லும் அந்த இடத்தில் ஒலிப்பது நேயர் விருப்பம்தான். அஞ்சலட்டை மட்டும்தான் இல்லை.

அதனால் அடுத்த பழைய பாடல் இரவுக்கு இழுத்துக்கொண்டு போனால் முகம் சுளிக்காமல் போய் வாருங்கள். ஈஸ்வரியின் 'வெள்ளி விழா' பாட்டைத் துண்டுச்சீட்டில் எழிதி மேடைக்கு அனுப்புங்கள். திரும்பி வரும் வழியில், காரில், அத்தையிடமோ பெரியப்பாவிடமோ எந்தப் பாட்டு பிடிக்கும் என்று கேட்க வேண்டாம். "ரேடியோல உங்க பேரு வந்திருக்கா? கூட யாரு யாரு பேரு வந்துச்சு? அவங்கள்லாம் இப்ப எங்க இருக்காங்க?" என்று கேளுங்கள். மண்டபத்தில் யாரும் பாடாத பாட்டு அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும்.