ஸ்பீட்பிரேக்கின் மேல் விழும் பழி

கணினியில் இயங்கும் விமான சிமுலேட்டர்களைப் பற்றி அடிக்கடி எழும் குறைகள் இரண்டு: ஸ்பீட்பிரேக்கை முழுக்க விரித்தும் விமானம் வேகம் குறையாமல் வழுக்கிக்கொண்டே போகிறது என்பது ஒன்று, எஞ்சின்கள் நம்ப முடியாத அளவுக்குத் திறன் காட்டுகின்றன என்பது மற்றொன்று. போயிங் 737-800இன் மென்பொருள் மாதிரி ஒன்றை முறைப்படி சோதித்துப் பார்ப்பவருக்கு, முதற்குறையின் வேர் பெரும்பாலும் ஸ்பீட்பிரேக்கில் இல்லை, எஞ்சினின் ஐடில் நிலையில்தான் இருக்கிறது என்பது புலப்படும்.

இறக்கையின் மேற்பரப்பில் படிந்துகிடக்கும் ஸ்பாய்லர் தகடுகளை இரு புறமும் ஒருசேர உயர்த்திக் காற்றோட்டத்தைக் கலைத்து, இழுவையைக் கூட்டும் ஏற்பாடே ஸ்பீட்பிரேக். 737-800இன் ஒவ்வோர் இறக்கையிலும் இத்தகைய தகடுகள் ஆறு இருப்பினும், பறக்கும்போது எழுபவை நான்கு மட்டுமே. எஞ்சிய இரண்டும் சக்கரங்கள் தரையைத் தொட்ட பின்னரே எழும். இழுவை வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப மாறுவதால், 280 நாட் வேகத்தில் இத்தகடுகள் தரும் கூடுதல் இழுவையில் 210 நாட்டில் மிஞ்சுவது சுமார் 56 சதவீதம்தான். உயரம் குறையும் விகிதமோ இழுவையோடு வேகத்தையும் பெருக்கிவரும் கணக்கு என்பதால், 280 நாட்டில் நிமிடத்துக்கு 1,000 அடி கூடுதலாக இறக்கும் தகடுகள் 210 நாட்டில் 420 அடி அளவுக்கே உதவும். ஆகவே குறைந்த வேகத்தில் ஸ்பீட்பிரேக் பிடிக்கவில்லை என்று பயனர் சலித்துக்கொள்ளும் மாதிரி சரியாகவே நடந்துகொள்கிறது. அவ்வேகத்திலும் காரின் பிரேக்கைப் போல அழுத்திப் பிடிக்கும் மாதிரியைத்தான் ஐயுற வேண்டும்.

உந்துவிசை நெம்புகோல்களை முழுக்கப் பின்னிழுத்த நிலையாகிய ஐடிலில் எஞ்சின் அணைந்துவிடுவதில்லை. உயரத்தையும் வேகத்தையும் பொறுத்து ஏதோ ஓரளவு உந்துவிசை அதிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. அந்த எஞ்சிய உந்துவிசையை மென்பொருள் சில நூறு பவுண்டு மிகையாகக் கணக்கிட்டாலும், ஸ்பீட்பிரேக் சேர்க்கும் இழுவையின் ஒரு பகுதி அதை ஈடுகட்டுவதிலேயே கரைந்துபோக, பழி தகடுகளின்மேல் விழுகிறது. ஃபிளைட்கியர் என்னும் கட்டணமில்லா சிமுலேட்டர் பயன்படுத்தும் ஜேஎஸ்பிசிம் என்னும் பறப்பியக்கக் கணிப்பு மென்பொருளின் கோப்புகளை யாரும் திறந்து பார்க்கலாம் என்பதால் இதை நேரில் காண முடிகிறது. அதில் ஐடில் உந்துவிசை, மாக் எண்ணையும் உயரத்தையும் அச்சுகளாகக் கொண்ட ஓர் அட்டவணையாக அமைய, ஸ்பீட்பிரேக்கோ எளிய மாதிரிகளில் நெம்புகோலின் நிலையோடு பெருக்கப்படும் ஒரே ஓர் எண்ணாக நின்றுவிடுகிறது. தகடு எழும்போது ஏற்றுவிசை குறைவதையும், அதை ஈடுசெய்ய மூக்கு உயர்வதையும், அதனோடு இழுவை மேலும் சேர்வதையும் அந்த ஓர் எண்ணால் காட்ட இயலாது.

எனவே சோதனையின் வரிசை முக்கியமாகிறது. 10,000 அடியில் கிடைமட்டமாகப் பறந்து, தானியங்கி உந்துவிசைக் கட்டுப்பாட்டை விலக்கி, தகடுகள் படிந்த நிலையிலேயே ஐடிலில் 280 நாட்டிலிருந்து 250 நாட்டுக்கு வர எத்தனை நொடியாகிறது என்பதை முதலில் குறித்துக்கொண்டு, அதன் பிறகே ஸ்பீட்பிரேக்கோடு அதை மீண்டும் அளக்க வேண்டும். முதல் அளவே உண்மையான விமானத்தோடு பொருந்தவில்லையென்றால் இரண்டாவது எதையும் நிறுவாது. எஞ்சின் பனித்தடுப்பை இயக்கும்போது ஐடில் சுழற்சி உயர்கிறதா என்பதையும் உடன் பார்ப்பது நல்லது. உண்மையான 737இல் அது உயர்வதால், பனிமேகத்தினூடே இறங்குகையில் விமானம் இறங்க மறுப்பது விமானிகள் நன்கறிந்த தொல்லை.

திறன் மிகை என்ற குறைக்கு மென்பொருள் அவ்வளவாகப் பொறுப்பல்ல. தலா ஏறத்தாழ 26,000 பவுண்டு உந்துவிசை தரும் இரு சிஎஃப்எம்56 எஞ்சின்களின் மொத்த உந்துவிசை, 79 டன் என்னும் உச்ச எடையில் எடையின் பத்தில் மூன்று பங்கு. பயணிகளின்றிச் சிறிதளவு எரிபொருளோடு 50 டன்னில் புறப்பட்டால் அது எடையில் ஏறக்குறைய பாதியாக உயர்ந்துவிடுகிறது. விமான நிறுவனங்களோ எஞ்சினின் ஆயுளைக் கருதி, ஓடுபாதை இடங்கொடுக்கும்போதெல்லாம் குறைத்த உந்துவிசையிலேயே புறப்படுகின்றன. வெற்று விமானத்தில் முழு உந்துவிசையைத் திறந்துவிட்டு ராக்கெட்டைப் போல ஏறுகிறதே என்று வியப்பது பயனரின் செயலே.

எஞ்சின் விழித்தெழும் நேரம் வேறு வகைச் சிக்கல். ஐடிலிலிருந்து நெம்புகோலை முன்தள்ளிய 8 நொடிக்குப் பின் கிடைக்கும் உந்துவிசையைக் கொண்டே, தரையிறங்கும் அமைப்பிலிருந்து மேலேறும் திறனை அமெரிக்கச் சான்றளிப்பு விதிகள் கணக்கிடுகின்றன. 1988 ஜூன் 26 அன்று பிரான்சின் ஹாப்சைமில், கண்காட்சிக்காக மரங்களின் உயரத்துக்கும் கீழே பறந்த ஏ320இன் எஞ்சின்கள் ஐடிலிலிருந்து எழ எடுத்துக்கொண்ட சில நொடிகள் போதாமல் விமானம் காட்டுக்குள் விழுந்து மூவர் இறந்தனர். நெம்புகோலோடு உந்துவிசையும் உடனே எழும் மலிவான மாதிரிகள் இந்த இடைவெளியையே மறைத்துவிடுகின்றன.

மேசைமேல் இருக்கும் சிமுலேட்டர் தர முடியாத ஒன்றும் உண்டு. ஸ்பீட்பிரேக் விரியும்போது உடல் முழுவதும் உணரும் அதிர்வை, விமானிப் பயிற்சிக்கான உச்சத்தரமாகிய லெவல் டி சிமுலேட்டர்கள் மெய்யான விமானத்தோடு ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். வீட்டிலோ திரையின் ஓரத்தில் ஒரு சிறு நெம்புகோல்தான் சாட்சி. ஸ்பீட்பிரேக் விரிந்திருப்பது கவனத்திலிருந்து தப்புவது மெய்யான விமானத்திலும் நேர்ந்ததுண்டு. 1995 டிசம்பர் 20 அன்று கொலம்பியாவின் காலி நகரருகே மலையில் மோதி 159 பேரைப் பலிகொண்ட போயிங் 757இல், விமானிகள் முழு உந்துவிசையோடு மேலேற முயன்றபோதும் ஸ்பீட்பிரேக் விரிந்தபடியே இருந்தது. அதைத் தானே மடக்கும் அமைப்பு அவ்விமானத்தில் இல்லை, ஏ320இல் உண்டு. ஆதலால் எந்த மாதிரியையும் வாங்குமுன், பறக்கும்போது ஸ்பீட்பிரேக்கை விரித்தபடியே முழு உந்துவிசை கொடுத்துப் பார்க்கலாம்: ஏ320இல் தகடுகள் தாமே படிய வேண்டும், 737-800இல் விமானி கைவைக்கும்வரை நிமிர்ந்தே நிற்க வேண்டும்.