வாய்க்கால் கரையும் கிராஃப்ஹாப்பரும்

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவை வச்சு வழி சொல்லும் ஜாவா நூலகம் கிராஃப்ஹாப்பர். அதுக்கு சாலையின் வகை தெரியும், மேல்பரப்பு தாரா மண்ணா என்பதும் தெரியும். ஆனா ஐப்பசி மழையில அந்தச் சாலை மேல தண்ணி ஏறுமா? தரங்கம்பாடியிலிருந்து மயிலாடுதுறைக்குக் கிளம்புறவருக்கு அந்த மாசத்துல வேண்டிய பதில் அதுதான். வரைபடத்தில் இதைக் குறிக்க 'ஃப்ளட் ப்ரோன்' என்ற டேக் இருக்கு. கிராஃப்ஹாப்பர் அதைத் தானாகப் படிக்காது. நாமதான் ஒரு உறுப்பு எழுதிப் பதிவு செய்யணும்.

பதிவு இடம் 'இம்போர்ட் ரெஜிஸ்ட்ரி'. ஒரு பெயர், அந்த மதிப்பைச் சாலையோடு சேமிக்கும் 'என்கோடட் வேல்யூ', டேக்கைப் படிச்சு மதிப்பை நிரப்பும் 'டேக் பார்சர்', இது வேறு எந்த மதிப்பை நம்பியிருக்கு என்ற பட்டியல், இந்த நாலும் ஒரே பொட்டலமா வரும். சார்புகளை முன்கூட்டியே சொல்லிவிடுவதால் எதை முதலில் ஓட்டணும் என்பதை நூலகமே பார்த்துக்கும். நல்ல வடிவமைப்பு, சந்தேகமே இல்லை. உள்ளே திறந்து பார்த்தால் மட்டும் பெயரை வச்சுப் பொட்டலத்தைத் தேர்ந்தெடுக்கும் நீளமான ஏணி. அழகில்லை, ஆனா எளிமையா இருக்கு. நம்ம வகுப்பு அதை நீட்டி, தன் பெயர் வந்தால் தன் பொட்டலத்தைக் கொடுக்கும், மற்றதை மேலே தள்ளிவிடும்.

"இதுக்கெல்லாம் ஜாவா எதுக்கு? வெள்ளப் பகுதியை ஒரு பலகோணமா வரைஞ்சு, கோரிக்கையோடு அனுப்பி, அதுக்குள்ள இருக்கும் சாலைகளைத் தவிர்க்கச் சொல்லலாமே" என்பார்கள். நகரத்துக்கு அது ஒத்துவரலாம். 2015 டிசம்பரில் சென்னையில் ஆட்கள் குறித்தது தெருத்தெருவா, பகுதி பகுதியா அல்ல என்பதையும் நினைவில் வைக்கணும். டெல்டாவில் சிக்கல் இன்னும் கூர்மை. சம்பா வயல் முழுக்க தண்ணி நிக்கும், நடுவில் வாய்க்கால் கரைச் சாலை மட்டும் மேடா நிக்கும். பலகோணம் போட்டால் போகக்கூடிய அந்த ஒரே வழியும் சேர்ந்து மூடிடும். இங்கே தண்ணி ஏறுவது ஒவ்வொரு சாலையின் குணம். அதனால சாலையோடு ஒட்டிய மதிப்பா அதைப் பதியணும்.

என் குறை வேற இடத்துல. தயாரா வரும் சர்வரில், யாமல் கோப்பில் வகுப்புப் பெயரை எழுதி இந்த உறுப்பைச் சேர்க்க முடியாது. மதிப்பின் பெயரை அங்கே பட்டியலிடலாம், அவ்வளவுதான். வகுப்பை நுழைக்க நிரலையே திருத்தி மறுபடி கட்டணும். ஜாவா தெரியாத, ஆனா எந்தக் கரை எப்போ முழுகும்னு தெரிஞ்ச ஆள் வெளியில நிக்கிறார்.

இன்னொன்று: டேக் படிக்கப்படுவது தரவை ஏற்றும்போது மட்டும்தான். இன்னிக்குக் காலையில உடைஞ்ச கரைக்கு இது உதவாது, அதுக்குப் பலகோணமே சரி. வருஷா வருஷம் முழுகும் சாலைக்குத்தான் இந்த உறுப்பு.