அம்புக்குறி சொல்லாத கடாரம்

தோட்டப்புற வாழ்க்கையைச் சித்திரிக்கும் நூல்களிலும் நாட்காட்டிகளிலும் பெரும்பாலும் ஒரு படம் இடம்பெறும். விடியற்பொழுது, வரிசை வரிசையாகப் பால்மரங்கள், கத்தியோடு குனிந்து நிற்கும் ஒரு பெண். கண்ணுக்கு இனிய படம்தான். எனினும், அவள் கோட்டைச் சாய்வாக வெட்டுவது ஏன் என்ற வினாவுக்கு அதில் விடை இல்லை. அதே மரத்தின் பட்டையை உரித்தும் அறுத்தும் காட்டும் கோட்டுப்படம் ஒன்று உண்டு. பால்குழாய்கள் நேர்குத்தாக ஓடவில்லை, இடமிருந்து வலமாகச் சற்றே சாய்ந்து மேலேறுகின்றன என்பது அதில் தெரியும். இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழுமாறு வெட்டினால் மிகுதியான குழாய்கள் அறுபட்டு மங்கில் பால் பெருகும். கத்தி சிறிது ஆழ்ந்து, பட்டைக்கும் மரத்துக்கும் இடையேயுள்ள மெல்லிய வளர்படலத்தைத் தொட்டுவிட்டால், புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகவே வளரும். இத்தனையும் சில கோடுகளில் அடங்கிவிடுகின்றன. முன்னது காட்டும் படம். பின்னது விளக்கும் படம்.

மரத்துக்குக் கிடைத்த இந்த நற்பேறு, அம்மரங்கள் நிற்கும் மண்ணின் சரித்திரத்துக்குக் கிடைக்கவில்லை. பீடோங், செமெலிங், மெர்போக் என்று ஜெராய் மலையின் தென்னடியில் பரந்து கிடக்கும் பூஜாங் பள்ளத்தாக்கே பழைய கடாரத்தின் நிலம் என்பது அறிஞர் பலரின் கொள்கை. இதைப் பற்றித் தமிழில் வரும் மலர்களிலும் நூல்களிலும் இருவகைப் படங்களே திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று, கப்பலின் முன்தளத்தில் புலிக்கொடி பறக்க இராசேந்திர சோழன் வாளேந்தி நிற்பது. மற்றொன்று, நாகப்பட்டினத்தில் தொடங்கிக் கடாரத்தில் முடியும் அம்புக்குறியோடு, அதன்மேல் 1025 என்று ஆண்டு பொறித்த தேசப்படம். முதற்படம் வெறும் அலங்காரமாதலின் அதனால் பெருந்தீங்கு இல்லை. இரண்டாவதோ விளக்கம்போல் தோன்றி விளக்கத்தை மறைப்பது. குறையை அங்கேதான் காணவேண்டும்.

அம்பு நேராகப் பாய்கிறது. பாய்மரக் கப்பல் அவ்வாறு செல்வதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று கப்பலைக் கிழக்கே தள்ளும். திரும்புவதற்கு வடகிழக்குப் பருவக்காற்று எழவேண்டும். இடையே கழியும் மாதங்களை வணிகன் துறைமுகத்தில்தான் கழித்தாகவேண்டும். சீனத்துறவி இத்-சிங் ஏழாம் நூற்றாண்டில் இந்தியா சென்றபோது கடாரத்தில் தங்கி, சீனக் கணக்கில் பன்னிரண்டாம் மாதத்தில் அங்கிருந்து நக்கவாரத் தீவுகளின் வழியே தாமிரலிப்தியை நோக்கிப் புறப்பட்டதாகத் தம் குறிப்பில் எழுதியுள்ளார். அது வடகிழக்குக் காற்று வீசும் காலம். மாதக்கணக்கில் தங்கியவர்களுக்கு உணவும் உறைவிடமும் போலவே வழிபாட்டிடமும் வேண்டியிருந்தது. பள்ளத்தாக்கில் சிறுசிறு கோயில்கள் இத்தனை இருப்பதற்கு இக்காத்திருப்பு ஒரு முக்கியக் காரணம். இரு நிறங்களில் காற்றின் திசைகளையும் ஓரத்தில் மாதங்களையும் குறித்தால், பள்ளி மாணவனும் இதைத் தானே கண்டுகொள்வான். மன்னனின் அணிகலன்களை வரைவதற்கு ஓவியர்கள் எடுத்துக்கொள்ளும் சிரமத்தில் பாதி இதற்குப் போதும்.

கடற்கரையும் ஒரு சிக்கல். இன்றைய கரையை வைத்து வரைந்த படத்தில் பழைய சின்னங்கள் பல உள்நாட்டில் கிடக்கின்றன. துறைமுகம் வயற்காட்டின் நடுவே எப்படி இருக்கும் என்று குழந்தை கேட்டால் ஆசிரியர் திகைக்கவேண்டியதுதான். 1980களில் ஜேன் ஆலன் போன்றோர் இங்கே மண்ணை ஆராய்ந்து, ஆறுகள் கொணர்ந்த வண்டலால் கரை மேற்கே நகர்ந்ததை எடுத்துக்காட்டினர். பழைய கரையைப் புள்ளிக்கோடாக இட்டால் அந்த வினாவே எழாது.

இவற்றினும் பெரிய குறை, அம்பு ஒருவழிப்பட்டது என்பதாகும். படையெடுப்புக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, கடாரத்து அரசன் மாறவிசயோத்துங்கவர்மன் தன் தந்தையின் பெயரால் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரத்தை எழுப்புவித்தான். அதற்கு இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கினான். பெரிய லெய்டன் செப்பேடு இதைக் கூறுகிறது. ஆகவே, எதிர்த்திசையிலும் ஓர் அம்பு தேவை. அது இல்லாத படத்தைப் பார்த்து வளரும் தோட்டத்துப் பிள்ளை, தன் முன்னோர் இம்மண்ணுக்கு வாளோடு மட்டும் வந்ததாக நம்புவான். அண்டை வீட்டு மலாய்ப் பிள்ளை, தன் முன்னோர் வாளுக்கு இரையானதாக மட்டும் நம்புவான். இருவருக்கும் பாதிச் சரித்திரமே கிடைக்கும்.

புக்கிட் பத்து பகாட் கோயிலுக்கும் இதே கதிதான். 1950களின் இறுதியில் அகழ்ந்து மீண்டும் அடுக்கப்பட்ட அதன் கல் அடித்தளத்தை மட்டும் ஒளிப்படம் காட்டுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலை மனத்தில் வைத்திருப்பவர், ‘இவ்வளவுதானா?’ என்று உதட்டைப் பிதுக்குவார். தூண்கள் நின்ற இடங்களைக் கற்களே காட்டுகின்றன. மேலிருந்தவை மரமும் கூரையும் ஆதலின் அழிந்தன. எஞ்சியதை அழுத்தமான கோட்டிலும், ஊகித்ததைப் புள்ளிக்கோட்டிலும் வரைந்த ஒரு வெட்டுத்தோற்றம் அருகே இருந்தால், அது இடிந்த கோபுரம் அன்று, வேறொரு கட்டட மரபு என்பது விளங்கும். ஊகத்தையும் அழுத்தமான கோட்டில் வரைவது, எதையும் வரையாது விடுவதைக் காட்டிலும் தவறு.

இவ்வகையில் வழிகாட்டக்கூடியது இந்நிலப்பகுதியிலேயே கிடைத்த ஒரு கல். அன்றைய வெல்லெஸ்லி மாகாணத்தின் வடபகுதியில் 1834இல் ஜேம்ஸ் லோ கண்டெடுத்து, இன்று கல்கத்தா அருங்காட்சியகத்திலிருக்கும் புத்தகுப்தன் கல் அது. ஏறக்குறைய ஐந்தாம் நூற்றாண்டினது. நடுவே குடைகள் அடுக்கிய தூபி. அதைச் சார்ந்து எழுத்துகள்: அறியாமையால் வினை சேர்வதையும், வினையால் பிறவி வருவதையும், அறிவால் அச்சங்கிலி அறுவதையும் சொல்லும் வாசகம், கூடவே, இரத்தமிருத்திகை என்னும் ஊரைச் சேர்ந்த மாநாவிகன் புத்தகுப்தனின் பெயரும் அவன் கடற்பயணம் இனிது முடியவேண்டும் என்ற வேண்டுதலும். அவ்வூர் வங்காளத்திலுள்ளது. எனவே தேசப்படத்தில் வடக்கிலிருந்தும் ஓர் அம்பு வரையவேண்டியிருக்கிறது. தூபியை மட்டும் வெட்டியெடுத்து அச்சிட்டால் அது வெறும் அழகிய கோடு. எழுத்தோடு சேர்த்து அச்சிட்டால், காற்றுக்காகக் காத்திருந்த ஒரு மாலுமி எதை நம்பினான், எதற்கு அஞ்சினான் என்பது தெரியும்.