விவேக மின்சாரமும் கேமரன் மலை மண்ணும்

அயல்மொழிச் சொல்லொன்றைத் தமிழாக்குவோர், தம்மையறியாமலே அச்சொல் சுட்டும் பொருளைப்பற்றி ஒரு தீர்ப்பும் வழங்கிவிடுகின்றனர். 'ஸ்மார்ட்' என்னும் ஆங்கிலச் சொல் இதற்கு நல்ல சான்று. தமிழ்நாட்டில் அதனைச் 'சீர்மிகு' நகரம் என்றனர். வேறு சிலர் 'திறன்' என்றனர். மலேசியத் தமிழரோ 'விவேகம்' என்றனர். விவேகப் பள்ளி, விவேகக் கைப்பேசி என்று வழங்கிய வழக்கு, விவேக நகரம், விவேக மின்சாரம் என்று இப்போது விரிந்து நிற்கிறது. மூன்றனுள் கனமான சொல் இதுவே. சீர் ஒழுங்கைக் குறிக்கும். திறன் செய்யும் வல்லமையைக் குறிக்கும். விவேகமோ ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறியும் அறிவு. 'விவேக சிந்தாமணி' என்று நீதிநூலொன்றுக்குப் பெயரிட்ட மொழியில் இச்சொல்லை ஒரு மின்மானிக்குச் சூட்டினால், அம்மானி எதை எதிலிருந்து பிரித்தறிகிறது என்று கேட்கும் உரிமை தமிழ் படித்தவர்க்கு உண்டு.

மானி செய்வது இது: அரைமணிக்கு ஒருமுறை வீட்டின் மின்செலவைக் குறித்து மின்கழகத்துக்கு அனுப்புகிறது. மலாக்காவில் தொடங்கிக் கிள்ளான் பள்ளத்தாக்குக்குப் பரவிய இம்மானிகளால், எந்நேரத்தில் எவ்வளவு செலவாகிறது என்பதை வீட்டாரும் அறியலாம், கழகமும் அறியலாம். எல்லாரும் ஒருங்கே மின்சாரம் கொள்ளும் உச்சவேளையைத் தணிக்கலாம். சலவைப் பொறியை இரவுக்குத் தள்ளலாம். இவை நன்மையே; மறுப்பதற்கில்லை. குறை என்னவெனில், இவ்விவேகம் நகரத்து வீட்டுச் சுவரில் தொடங்கி அச்சுவரிலேயே முடிந்துவிடுகிறது. கம்பியின் மறுமுனையில் என்ன இருக்கிறது என்று அது கேட்பதில்லை; அதனைப் புகழ்வோரும் கேட்பதில்லை.

மறுமுனைகளுள் ஒன்று பகாங் மாநிலத்துக் கேமரன் மலை. தீபகற்பத்து மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியாலும் எரிவாயுவாலும் ஆவது என்பது உண்மை. ஆயினும் தேவை திடீரென ஏறும்போது சில நிமிடங்களில் எழுந்து உதவுவது நீர்மின்சாரம். நிலக்கரி உலைக்கு அவ்விரைவு இல்லை. ஆகவே நகரத்தார் 'விவேகம்' என்று கொண்டாடும் ஏற்ற இறக்கச் சமன்பாட்டில், மலைமேல் தேங்கிய தண்ணீருக்கும் ஒரு பங்கு உண்டு.

அத்தண்ணீரின் வரலாறு வியப்பானது. தெலோம் ஆறும் பெர்த்தாம் ஆறும் இயற்கையில் கிழக்கே சென்று, பகாங் ஆற்றோடு கூடித் தென்சீனக் கடலை அடைவன. மின்திட்டம் வகுத்தோர் மலையைக் குடைந்து தெலோம் நீரைப் பெர்த்தாமுக்குத் திருப்பினர். ரிங்லெட்டில் சுல்தான் அபூபக்கார் அணையைக் கட்டி, 1963இல் முடித்தனர். தேக்கிய நீரை மீண்டும் சுரங்கவழியே மேற்கே பேராக் மாநிலத்து ஜோர் நிலத்தடி நிலையத்துக்கு வீழ்த்தி 100 மெகாவாட் ஆக்கினர். கிழக்குக் கடலுக்குரிய மழை மலாக்கா நீரிணைக்குப் போயிற்று! பொறியியலின் அருஞ்செயல் என்பதில் ஐயமில்லை.

ஆனால் அப்பொறியியல் தண்ணீரைக் கணக்கிட்ட அளவுக்கு மண்ணின் நாளைய நிலையைக் கணக்கிட இயலவில்லை. ரிங்லெட் நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு தொடக்கத்தில் ஏறத்தாழ 63 இலட்சம் கன மீட்டர். ஆயுள் ஏறத்தாழ 80 ஆண்டு என்று மதிப்பிட்டனர். சரிவுகளைச் சீவிக் காய்கறிப் பாத்தியும் பூந்தோட்டமும் கட்டடமும் பெருகப்பெருக, ஒவ்வொரு மழையும் மண்ணைக் கரைத்துக்கொண்டு வந்து தேக்கத்தில் இட்டது. பாதி ஆயுள் கழியுமுன்பே பெரும்பங்கு தூர்ந்தது. பல ஆண்டுகளாகப் பெருஞ்செலவில் மண் அள்ளவேண்டியதாயிற்று. தேக்கம் என்பது மின்சாரத்தைத் தண்ணீராகச் சேமித்துவைக்கும் களஞ்சியம். களஞ்சியத்தில் மண் நிறைந்தால் உச்சவேளைக்கு எடுத்துக்கொடுக்க நெல் எங்கே?

தூர்ந்த தேக்கம் பெருமழையைத் தாங்கும் வலிமையும் குன்றியது. 2013 அக்டோபர் 23 அதிகாலை, மிகுமழைக்குப்பின் அணையின் மதகுகள் திறக்கப்பட்டபோது, கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களைக் கொண்டுபோயிற்று. வீடுகளும் வண்டிகளும் சேற்றில் புதைந்தன. மலையுச்சியின் மழையையும் ஆற்றின் மட்டத்தையும் மதகின் நிலையையும் பிரித்தறிந்து, ஆற்றோரத்தில் உறங்குபவனை உரிய காலத்தில் எழுப்பும் கருவி ஒன்று இருப்பின், விவேகம் என்னும் பெயர் அதற்கே முதலில் உரியது.

இவ்விடத்தில் தேயிலையை மட்டும் புகழ்ந்து காய்கறியைப் பழிப்பதும் நேர்மையாகாது. 1929இல் ரஸ்ஸல் என்பார் போ தோட்டத்தைத் தொடங்கியபோது அங்கிருந்ததும் காடுதான்; அதனை வெட்டித் திருத்தியே செடி நட்டனர். அவ்வுழைப்பில் தமிழர் பங்கு பெரிது. எனினும் முதிர்ந்த தேயிலைச்செடி சரிவைப் போர்வைபோல் மூடி, வேரால் மண்ணைப் பற்றிக்கொள்கிறது. ஆண்டுதோறும் பலமுறை கிளறப்படும் பாத்திக்கு அது இயலாது. இவ்வேறுபாட்டை நகரத்து மின்மானி எதுவும் காட்டாது.

மின்சாரத்தை அறிந்து செலவிடும் கலை இம்மலைக்குப் புதிதன்று என்பதையும் விவேக நகரம் பேசுவோர் கருதவேண்டும். ஒரு கிலோ தேயிலைக்கு நான்கைந்து கிலோ கொழுந்து வேண்டும்; எஞ்சிய எடையெல்லாம் நீர். அந்நீரை நீக்குவதே ஆலையின் பெருஞ்செலவு. கொழுந்தை வாட்டப் பன்னிரண்டு மணிநேரமும் அதற்கு மேலும் ஆகும். காற்று உலர்ந்திருந்தால் விசிறி மட்டும் போதும். பனிமூட்டம் இறங்கினால் சூடேற்றவேண்டும். எவ்வளவு, எப்போது என்பதைக் கொழுந்தைக் கையால் அழுத்திப் பார்த்தே முடிவுசெய்த ஆலைத் தொழிலாளியின் அறிவு, நேரங்கண்டு செலவிடும் அறிவேயன்றி வேறென்ன? அவன் பெயர் எந்த விவேகத் திட்டத்திலும் இடம்பெறுவதில்லை.

அவன் வாழ்ந்த லயன் வீட்டையும் பார்க்கவேண்டும். மலாயாத் தோட்டங்கள் பலவற்றில் மாலையில் சில மணிநேரமே தோட்டத்து இயந்திரத்தால் விளக்கு எரிந்த காலம் முதியோர் நினைவில் உள்ளது. தொழிலாளர் வீட்டுக்குக் குழாய்நீரும் மின்சாரமும் வேண்டும் என்பதை 1990ஆம் ஆண்டுச் சட்டம் தோட்ட உரிமையாளரின் கடமையாக்கிற்று. அணை அதற்கு இருபத்தேழு ஆண்டு மூத்தது.

இதற்கிடையே 2016இல் இதே பெர்த்தாம் ஆற்றின் கீழ்ப்பகுதியில் சூசு அணையோடு 372 மெகாவாட் உலு ஜெலாய் நிலையம் இயங்கத் தொடங்கியது. அதுவும் உச்சவேளைக்கு உதவவே அமைந்தது. மேலே சரிவில் மண்வெட்டி விழும்போதெல்லாம் கரையும் மண், ரிங்லெட்டைக் கடந்தால் செல்லும் வழியும் அதுவே.